கொசுறு

கயானி நகரில் நவம்பரின் கடைசி நாள்
இரண்டரை மணிக்கே இருட்டிவிட்டது.
மாதக் கணக்கில் எனக்கு இன்னும் ஒரு வண்டி பாக்கி.
மேலாளர் தைஸ்தோ கண்ணாடி அறைக்குள்
பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்,
எழுத ஒன்றுமில்லாமல்.

அந்தம்மா வந்தார்.
பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலிலேயே தட்டிவிட்டு.
பேர் இர்மேலி ஹெய்குரா. பேறுகாலத் தாதி.
கூமோ சாலையில் எந்த வீட்டில் எந்த மாதம்
தொட்டில் வாங்குவார்கள் என்று தெரிந்தவர்.
அவர் பழைய வண்டி வெளியே நின்றது,
மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் களைப்போடு,
பின்கதவு மட்டும் வேறு நிறத்தில்.

சாம்பல் நிற வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.
டயரை உதைத்துப் பார்க்கவில்லை.
கதவை ஒருமுறை திறந்து ஒருமுறை மூடினார்.
அந்தச் சத்தத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம் யூரோ" என்றேன்.
"ம்" என்றார்.

எங்கள் ஊர் "ம்" சம்மதமில்லை, மறுப்புமில்லை.
புதிதாய் உறைந்த ஏரி அது.
காலை வைத்த பிறகுதான் கனம் தெரியும்.

காப்பி ஊற்றினேன். குடித்தார்.

பேரம் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும்.
ஓலுவில் இதைவிட மலிவு என்பவன்.
பெண்டாட்டியைக் கேட்கிறேன் என்று போனோடு வெளியே போய்
யாரையும் கூப்பிடாமல் குளிரில் நின்றுவிட்டுத் திரும்புபவன்.
மேசையில் குத்துபவன்.
பதினாறு வருடமாக அவர்களுக்கென்று
பதில் சேர்த்து வைத்திருக்கிறேன்.
கேள்வியே கேட்காதவருக்கு
எதை எடுத்து நீட்ட?

கடிகார முள் நகரும் சத்தம்.
குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

"முப்பத்தோராயிரத்து நானூறு" என்றது ஒரு குரல்.
என்னுடையதுதான்.

அவர் சன்னலைப் பார்த்தார்.
"ஆணி பதித்த குளிர்கால டயர் நான்கும் சேர்த்து."
பார்த்துக்கொண்டே இருந்தார்.
எஞ்சினைச் சூடாக்கும் கம்பி, முதல் சர்வீஸ்,
பழைய வண்டிக்கு எழுதிய நானூறை
நானே அடித்து எழுநூறு ஆக்கினேன்.
கை நிற்கவில்லை.
முப்பத்தோராயிரத்து நூறு.
"தரைவிரிப்பு ஒரு செட், ரப்பர், அசல் கம்பெனி, இனாம்."

அப்போதுதான் வாயைத் திறந்தார்.
"விரிப்பு வேண்டாம். பழையதே இருக்கு."
"அளவு பொருந்தாதே அம்மா."
"என்கிட்ட கத்தரிக்கோல் இருக்கு.
அது என்ன விலை?"
"நூற்றிருபத்தொன்பது."
"அதைக் கழிச்சிடு."

இனாமுக்கு விலை போட்டு
அதையும் கழிக்கச் சொன்னவரை
அன்றுதான் பார்த்தேன்.
கழித்தேன்.

கையெழுத்துப் போடும்போது பேனா நழுவியது.
"முந்தாநாள் ராத்திரி போனது, இரட்டைப் பிள்ளை.
இன்னும் படுக்கல.
இந்த நாற்காலி நல்ல சூடு,
கொஞ்சம் கண் அயர்ந்துட்டேன்
நீ ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தப்ப."

நான் தோற்றது தந்திரத்திடமா, தூக்கத்திடமா?
ஆறு குளிர்காலம் போய்விட்டது.
அவர் வண்டி சர்வீஸுக்கு வரும்போதெல்லாம்
முகத்தைப் பார்க்கிறேன். "ம்" என்கிறார்.

அன்று பழைய வண்டியிலிருந்து விரிப்புகளை உருவி
பனியில் நாலு உதறு உதறி
புதியதில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.
தைஸ்தோ அறையைவிட்டு வந்தார்.
"இவ்வளவு நேரம் என்னதான் பேசினாங்க?"
"ஒண்ணும் பேசல."
தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

கோப்பையை எடுக்கப் போனேன்.
தட்டில் வைத்த சர்க்கரைக் கட்டி இரண்டும் இல்லை.
காப்பியில் போட்டதாக நினைவில்லை,
பைக்குள் போயிருக்க வேண்டும்.
அந்தக் கொசுறை மட்டும்
நான் கணக்கில் ஏற்றவில்லை.